இரண்டு டியூபா, ஒரே உதடு

எங்கள் பேண்டு செட்டுக்குப் புது டியூபா வந்த அன்றே, அதைத் திருப்பி அனுப்பியே தீருவது என்று முடிவு கட்டிவிட்டேன். அந்தப் பெரிய பித்தளை வாத்தியத்தில் பழையது ஒன்றைப் பன்னிரண்டு வருடமாகக் கோயில் கொடை விழாக்களில் ஊதியவன் நான். இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே மாடல். பழையது நசுங்கி, பற்றவைத்த தழும்புகளோடு இருந்தாலும் மற்ற வாத்தியங்களோடு சுருதி ஒட்டி நிற்கும். புதியதோ எந்தச் சுரம் ஊதினாலும் சற்று மேலே ஏறி நின்றது.

"பேருதான் அதே மாடல். சரக்கு மட்டம்ணே," என்றேன், ட்ரம்பெட் வாசிக்கும் முத்தையா அண்ணனிடம்.

அவர் செல்போனில் சுருதி காட்டும் ஆப்பைத் திறந்து, இரண்டையும் தானே ஊதிப் பார்த்தார். புதியதில் முள் சரியான சுருதியைக் காட்டும் நடுக்கோட்டில் நின்றது. பழையதில் கீழே விழுந்தது. பிறகு என்னை ஊதச் சொன்னார். நான் ஊதினால் பழையது நடுவில், புதியது மேலே!

அண்ணன் சிரித்துவிட்டார். "ஏலே, பழசு சுருதி எறங்கித்தான் கெடந்திருக்கு. நீ உதட்ட இறுக்கி, அதத் தூக்கித் தூக்கியே பழகிட்ட. புதுச நீ தூக்க வேண்டாம்லே. அது தன்னால நிக்கும்."

என் வீம்பு புஸ்வாணமாகிவிட்டது. அடுத்து இருக்கன்குடி கோயிலில் வாசிக்க ஒப்புக்கொண்ட ஆர்டருக்குப் பத்து நாள்தான் இருந்தது. தினமும் பட்டாசு ஆலை வேலை முடிந்து வேன் இறக்கிவிட்டதும், உதட்டைத் தளர்த்திப் புதியதில் ஒரே சுரத்தை ஊதிக்கொண்டே இருந்தேன். ஒன்பதாம் நாள் முள் நடுவில் நின்றது.

இப்போதும் எதையாவது மட்டம் என்று சொல்ல வாயெடுத்தால், முதலில் என் உதட்டைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன்.