ஆடாத கார்

புத்தூரில் என் வீட்டு முற்றத்துக்கு ஒருநாள் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வந்தது. இரண்டு பேர் மட்டும் இருந்து போகலாம். நிலத்தோடு ஒட்டிய பழைய கார். ஜெர்மனியிலிருந்து திரும்பி ஊரோடு வந்துவிட்ட ஒருவர் கொழும்பில் வாங்கியது. வளைவில் ஆடுகிறது என்றார். குனிந்து பார்த்தேன். சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கைகள் வண்டியோடு பொருந்தும் இடத்து ரப்பர் புஷ் எல்லாம் பிய்ந்திருந்தது. புதுப் புஷ்களை அவரே வெளிநாட்டிலிருந்து எடுப்பித்திருந்தார். நகம் இறங்காத கடினம்.

நான் பள்ளிக்கூடத்தில் படித்தது குறைவு. யுத்தத்துப் பொருளாதாரத் தடைக் காலத்தில் லொறி டயரை வெட்டிப் புஷ் செய்து பழகியவன். தொண்டைமானாற்றில் மீன் ஏற்றிய வான் ஒன்று அந்த டயர்ப் புஷ்ஷில், மண்ணெண்ணெயில், எத்தனை வருஷம் ஓடியது! அது வேறு கதை.

“இந்தப் புஷ்ஷைப் போட்டால் ஆடாது தம்பி. ஆனால் றோட்டுக் கல்லிலை இடிக்கிற இடியெல்லாம் சீற்றுக்கு வரும்.”

“வரட்டும் அண்ணை. முதுகுக்குள்ளை சன்னம் ஒண்டு கிடக்கு. அதுதான் யோசினை.”

ஷெல் துண்டைத்தான் சன்னம் என்பது. நான் சிரித்தேன்.

“எனக்கும் தொடையிலை கிடக்கு. அது தன்ரை பாட்டிலை கிடக்கும்.”

எங்கள் ஒழுங்கையில் யாரும் சன்னத்தைப் பெரிதாகக் கதைப்பதில்லை. மழைக்குளிருக்குக் கடுக்கும், அவ்வளவுதான். அவருடையது முள்ளந்தண்டோடு ஒட்டி இருந்தது. எடுக்க டொக்டர்மார் பயந்து விட்டுவிட்டார்கள். அதை அவர் அன்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பழைய ரப்பரை எரித்தெடுத்துவிட்டுப் புதியதை அழுத்திப் பூட்டினேன்.

காங்கேசன்துறை வரை ஓடிப் பார்க்கப் போனார். கடைசித் துண்டு றோட்டு உடைந்த றோட்டு. திரும்பி வந்தபோது கார் முற்றத்தில் குலுங்கி நின்றது. அவர் இறங்கவில்லை. கிளச்சை மிதிக்க முடியாமல் ஒரே கியரில் வந்திருக்கிறார்.

“அண்ணை, இடக்கால் என்ரை இல்லாத மாதிரிக் கிடக்கு.”

சன்னம் அசைந்துவிட்டதென்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ஒரு மாதத்தில் மற்றக் காலும் மரத்துப் போனது.

பிறகு அவர் வீட்டுக்குப் போனேன். டயர் வெட்டி மெத்தென்ற புஷ் போட்டுத் தருகிறேன் என்றேன்.

“ஆர் அண்ணை ஓடுறது?” என்றார்.

படுக்கையில் வந்த முதுகுப்புண்ணுக்கு மருந்து கட்ட, அவரைப் புரட்ட வேண்டியிருந்தது. மனைவி தோளைப் பிடித்துக்கொண்டு, என்னைக் காலைப் பிடிக்கச் சொன்னார். பிடித்தேன். நல்ல பாரம். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடந்தார்.

“பிடிச்சாச்சோ அண்ணை?” என்று சுவரைப் பார்த்தபடியே கேட்டார்.

நான் பிடித்து வெகுநேரமாகியிருந்தது.