அணில் கதையின் முடிவைக் கேட்டவள்

கல்லூரி இரண்டாம் ஆண்டில் இணையத்தில் ஒரு படக்கதை வரைந்து வெளியிட்டுக்கொண்டிருந்தேன். வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில், கல்லூரி ராஜபாளையத்தில். பெரும்பாலும் பஸ்ஸில்தான் வரைவேன். வண்டி குலுங்கினால் கோடு இழுத்துக்கொண்டு போய்விடும். அதனால் மரம், சுவர், ரோடு எல்லாம் ஓட்டத்தில். முகங்கள் மட்டும் வண்டி நிற்கும்போது. அப்பாவின் பழைய போனும் ரப்பர் முனை வைத்த ஒரு பேனாவும்தான் என் சாமான்கள்.

கதையின் நாயகி ஒரு அணில். எங்கள் மேற்கு மலையில் இருக்கிற சாம்பல் நிறப் பெரிய அணில். அது மலையை விட்டு இறங்கி, டவுனில் ரூம் எடுத்து, காலேஜில் சேர்ந்து படிக்கிறது. வால் ஒரு ஆள் இடத்தைப் பிடிப்பதால் கண்டக்டர் வாலுக்கும் டிக்கெட் கேட்பார். மெஸ் சாம்பாரில் மூழ்கித் தேடினாலும் காய் கிடைக்காது. அதன் அம்மா ஒவ்வொரு வாரமும் மலையிலிருந்து "எப்ப வாரே?" என்று கேட்கும். அணில் பதில் சொல்லாமல் பேச்சை மாற்றும். இதையே விதவிதமாக வரைந்துகொண்டிருந்தேன்.

வாசகர்கள் மெதுவாகச் சேர்ந்தார்கள். வளைகுடாவில் ஒரு நர்ஸ், லாரி ஓட்டுகிற ஒரு அண்ணன், பிள்ளைகளுக்குச் சோறூட்டும்போது கதையைப் படித்துக்காட்டும் ஒரு அம்மா. எல்லோருக்கும் பதில் எழுதுவேன். பாடத்தில் எனக்கு அரியர் விழுந்துகொண்டிருந்தது, வகுப்பில் என்னை யாரும் ஒரு ஆளாக எண்ணவில்லை. போனைத் திறந்தால் மட்டும் யாரோ எனக்காகக் காத்திருப்பார்கள். அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் அந்த வருடத்தைத் தள்ளினேன்.

அவர்களில் ஒருத்திதான் தப்புக் கண்டுபிடிக்கிறவள். கணக்கில் படம் கிடையாது, பெயர் என்று ஏதோ எழுத்தும் எண்ணும். "அக்கா, போன வாரம் அணிலுக்குப் பை இடது தோள்ல கெடந்துச்சு. இந்த வாரம் வலதுல. ரெண்டு பையா?" என்று முதலில் எழுதினாள். பிறகு ஒவ்வொரு பக்கத்திலும் எதையாவது பிடிப்பாள். பஸ்ஸில் ஜன்னல் கம்பி குறைந்தது, மேகம் காற்றுக்கு எதிர்த்திசையில் போனது, இப்படி. அவளுக்குப் பயந்தே பக்கத்தைப் போடுவதற்கு முன் திரும்பத் திரும்பப் பார்ப்பேன். ஒரு முறை கிராப் தாளில் அவளே அணிலை வரைந்து போட்டோ எடுத்து அனுப்பியிருந்தாள். என் அணிலைவிட அது நன்றாக இருந்தது. பன்னிரண்டாம் வகுப்பு என்று சொல்லியிருந்தாள். வேறொன்றும் நான் கேட்டதில்லை.

தை மாதத்தில் ஒரு திங்கட்கிழமை, கம்ப்யூட்டர் லேபில் இருந்தபோது அவளிடமிருந்து செய்தி வந்தது.

"அக்கா, அணில் மலைக்குத் திரும்பிப் போகுமா போகாதா? அதை மட்டும் சொல்லிருங்க. வெள்ளிக்கிழமைக்குப் பொறவு எனக்கு போன் இருக்காது."

எனக்கே முடிவு தெரியாது. ஏன் என்று கேட்டேன்.

"கல்யாணம்."

"யாருக்கு?"

"எனக்குத்தான்."

மேசைக்குக் கீழே போனை மறைத்துக்கொண்டு தட்டச்சு செய்தேன். உனக்கு வயது என்ன, வீட்டில் சொன்னாயா, பள்ளிக்கூடத்தில் சொன்னாயா என்று ஒன்றன்மேல் ஒன்றாகக் கேட்டேன்.

"பதினேழு. பப்ளிக் பரீட்சை வரைக்கும் விட்டாப் போதும்னு கேட்டேன்க்கா. மாப்பிள்ளைக்கு அதுக்கு மேல லீவு இல்லையாம். யார்கிட்டயும் சொல்லிராதீங்க. கதையை மட்டும் சொல்லுங்க."

எந்த ஊர் என்று கேட்டேன். பதில் இல்லை. மாலை பஸ் ஏறும்போது பார்த்தால் அந்தக் கணக்கையே காணோம்.

வீட்டில் அப்பாவிடம் சொன்னேன். அப்பா ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று, ராஜபாளையத்தில் ஒரு மில் வாசலில் காவலுக்கு நிற்கிறார். சாப்பிட்டுக்கொண்டே கேட்டவர், "அடுத்த வீட்டுக் காரியம். பேர் தெரியாது, ஊர் தெரியாது. நீ பரீட்சைக்குப் படி" என்றார். அம்மா தையல் மிஷினில் நைட்டிக்குக் கழுத்துப் பட்டி வைத்துக்கொண்டிருந்தாள். மிதிப்பதை நிறுத்தாமலே, "அந்தப் புள்ள கேட்டது கதையைத்தானட்டி. காப்பாத்துன்னா கேட்டுச்சு?" என்றாள்.

மறுநாள் கல்லூரி வராண்டாவில் நின்று குழந்தைகள் உதவி எண்ணுக்குப் போன் செய்தேன். பேசிய அம்மா பொறுமையானவர்.

"பிள்ளை பேர் என்னம்மா?"

"தெரியாது மேடம்."

"அப்பா பேர்?"

"தெரியாது."

"ஊராவது?"

அவள் முன்பு அனுப்பி, நான் சேமித்து வைத்திருந்த அணில் படத்தில், கிராப் தாளுக்குப் பின்னால் சுவரில் ஒரு தேதிக் காலண்டர் தொங்கியது. கீழே ஏதோ உரக்கடையின் பெயர். ஊர்ப் பெயரில் பாதியை அவள் கைவிரல் மறைத்திருந்தது. "பட்டின்னு முடியுது மேடம்" என்றேன்.

எங்கள் பக்கம் வன்னியம்பட்டியும் பட்டிதான், கூமாப்பட்டியும் பட்டிதான், இடையில் இருக்கிற ஊர்களில் பாதியும் பட்டிதான். "ஊர் மட்டும் தெரிஞ்சாப் போதும்மா, உடனே ஆள் அனுப்புறோம். எப்படியாவது கண்டுபிடிச்சுச் சொல்லு" என்றார் அவர். போனை வைத்த பிறகு அந்த வராண்டாவில் நடந்துகொண்டே இருந்தேன். வகுப்புக்குப் போகவில்லை. இத்தனை மாதம் எனக்கு வாரம் தவறாமல் எழுதியவளை, நீ எந்த ஊர் என்றுகூட நான் கேட்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

வாசகர்களிடம் வெளிப்படையாகக் கேட்கவும் முடியாது. அவள் வீட்டார் கண்ணில் பட்டால் தேதியை முன்னால் இழுத்துவிடுவார்கள். என்ன செய்வதென்று தெரியாமல் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோது, வேறு வழியே இல்லாமல்தான் அந்த யோசனை வந்தது. அவள் இன்னொருவர் போனிலாவது என் பக்கத்தைப் பார்ப்பாள். பார்த்தால், தப்பு இருந்தால், அவளால் சும்மா இருக்க முடியாது.

புதன்கிழமை ஒரே ஒரு கட்டத்தில் ஒரு பக்கம் போட்டேன். அணில் பஸ் ஸ்டாண்டில் நின்று, படிக்கிறவர்களைப் பார்த்துக் கேட்கிறது: "எல்லார் ஊருக்கும் ஒரு தடவை வரலாம்னு இருக்கேன். உங்க ஊருக்கு எந்த பஸ்? எங்க எறங்கணும்?" பையை வேண்டுமென்றே தப்பான தோளில் மாட்டிவிட்டேன்.

நான் வரைந்த எதற்கும் அதுவரை அத்தனை பதில் வந்ததில்லை. மம்சாபுரத்திலிருந்து, மதுரையிலிருந்து, எங்கெங்கோ இருந்தெல்லாம் வந்தன. டீக்கடைக்கு எதிரில் இறங்கு என்றார்கள், எங்கள் ஊருக்கு பஸ்ஸே கிடையாது நடந்து வா என்றார்கள், லாரி அண்ணன் "நானே கொண்டாந்து விடுதேன்" என்று எழுதினார். வகுப்புத் தோழி ஒருத்தி, "ஏட்டி, நீ பெரிய ஆள் ஆயிட்ட" என்று தோளைப் பிடித்து உலுக்கினாள். நான் ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளி, அவள் எழுத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். அன்று முழுக்க இல்லை. வியாழன் காலையிலும் இல்லை. மதியம் சாப்பாட்டுப் பொட்டலத்தைத் திறந்து, பிசைந்து, வாயில் வைக்க முடியாமல் அப்படியே மூடினேன். நாளைக்கு இந்நேரம் எல்லாம் முடிந்திருக்கும் என்பதைத் தவிர வேறு நினைப்பு ஓடவில்லை.

கடைசி வகுப்பு முடிந்து பார்த்தபோது, படமில்லாத புதுக் கணக்கு ஒன்றிலிருந்து ஒரு பதில் இருந்தது.

"பை தோள் மாறிக் கெடக்கு. எங்க ஊருக்குக் கூமாப்பட்டி பஸ். முந்துன ஸ்டாப்புல எறங்கி மேக்க நடக்கணும்." அதற்குக் கீழே ஊரின் பெயர்.

அந்தப் பெயரை இங்கே எழுத வேண்டாம். உடனே உதவி எண்ணுக்குப் போன் செய்தேன். அழுகையில் ஊர்ப் பெயரே என் வாயிலிருந்து சரியாக வரவில்லை. அந்த அம்மா இரண்டு முறை திருப்பிச் சொல்ல வைத்துக் குறித்துக்கொண்டார். "நாளைக்கு அந்த ஊர்ல ஒரே கல்யாணம்னா ஒரே வீடுதான். நாங்க பாத்துக்கிடுதோம். நீ போகாத" என்றார்.

போகாமல் இருக்க முடியவில்லை. வெள்ளிக்கிழமை கல்லூரிக்குப் போவதாகச் சொல்லிவிட்டுக் கூமாப்பட்டி பஸ்ஸில் ஏறினேன். இறங்கி நடந்தால், தென்னந்தோப்பைத் தாண்டியதுமே ஒலிபெருக்கிப் பாட்டு கேட்டது. வாசலில் வாழை மரம் கட்டியிருந்தார்கள். நான் போய்ச் சேரும்போது அலுவலர்களின் ஜீப் ஏற்கெனவே வந்து நின்றிருந்தது. பாட்டை யாரோ பாதியில் நிறுத்தினார்கள்.

ஊர்க்காரர்களோடு நானும் வேலியோரம் நின்றேன். உள்ளே ஆண்கள் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். செத்த நேரத்தில் இரண்டு பெண் அலுவலர்கள் அவளைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். நான் நினைத்ததைவிடச் சின்னவள். பட்டுச் சேலை அவள் உடம்பில் நிற்காமல் சரிந்துகொண்டிருந்தது, ஒரு கையால் கொசுவத்தைப் பிடித்துக்கொண்டே நடந்தாள். அழவில்லை. தரையைப் பார்த்தபடி என்னைத் தாண்டிப் போனாள். கூப்பிட்டிருந்தால் திரும்பியிருப்பாள். நான் கூப்பிடவில்லை.

ஜீப் கதவை மூடியதும் அவள் அம்மா மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். "எம்புட்டுப் பாடுபட்டு இந்தக் காரியத்தைக் கொண்டாந்தேன்! எவ சொன்னாளோ, அவ வெளங்குவாளா? அவ வீட்டுல ஒரு நல்லது நடக்குமா?" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டாள். என் பக்கத்தில் நின்ற கிழவி, "யாரு பெத்த மகராசியோ, ரெண்டு கண்ணும் அவிஞ்சு போகும்" என்று அதை நிறைவாக்கினாள். நானும் தலையை ஆட்டிவிட்டேன் என்று நினைக்கிறேன். எப்படி பஸ் ஸ்டாப்புக்கு வந்தேன் என்பது நினைவில் இல்லை.

அதற்குப் பிறகு என்னால் வரைய முடியவில்லை. பேனாவை எடுத்தால் அணிலின் முகம் அந்த அம்மாவின் முகமாக வந்தது. வாசகர்கள் கேட்டார்கள், கெஞ்சினார்கள், கோபித்தார்கள், கடைசியில் போய்விட்டார்கள். நர்ஸ் அக்கா மட்டும் "உடம்பு சரியில்லையா?" என்று அவ்வப்போது கேட்பார். உண்மையைச் சொல்ல முடியாமல் ஆமாம் என்பேன். உதவி எண்ணில் விசாரித்தால், "பத்திரமா இருக்கா, அதுக்கு மேல சொல்லக் கூடாதும்மா" என்றார்கள். என் அம்மா கேட்ட கேள்வி வேறு மனதில் கிடந்து அரித்தது. அவள் காப்பாற்றச் சொல்லிக் கேட்டாளா? கேட்காததை நான் கொடுத்தேனா?

சித்திரையில் ஒரு நாள் அவளிடமிருந்தே செய்தி வந்தது. யாரோ தோழியின் கணக்கு.

"அக்கா, நீங்கதான் சொன்னீங்களா?"

"ஆமா."

பிறகு, "கவர்மெண்ட் ஹோம்ல இருந்தேன். பதினெட்டு ஆகுற வரைக்கும் கல்யாணம் பண்ண மாட்டோம்னு அப்பா எழுதிக் குடுத்துக் கூட்டிட்டு வந்துட்டாங்க. பரீட்சை எழுதிட்டேன்" என்று வந்தது.

"எப்படி இருக்க?"

"அம்மா என்கூடப் பேசுறதில்ல. சோறு வைக்கும், தலை பின்னி விடும். பேசாது."

என்னால் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன். "அன்னைக்கு நான் எதுக்குக் கேட்டேன்னு தெரிஞ்சுதான் ஊர் பேரைப் போட்டியா?"

"தெரியலக்கா" என்று எழுதினாள். அதோடு அந்தப் பேச்சு நின்றது.

ஆனி மாதம் கல்லூரிகளில் சேர்க்கை நடந்துகொண்டிருந்தது. ராஜபாளையம் பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு அம்மா முண்டியடித்து ஏறி, "செத்த தள்ளிக்கம்மா" என்று என் பக்கத்தில் உட்கார்ந்தாள். கல்யாண வீட்டு வாசலில் மண்ணில் உட்கார்ந்து சாபம் விட்ட அதே குரல். நிமிர்ந்தால், கம்பியைப் பிடித்தபடி அந்தப் பெண் நிற்கிறாள். சுடிதாரில் இன்னும் சின்னவளாகத் தெரிந்தாள். அவர்கள் இருவருக்கும் என் முகம் தெரியாது.

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அம்மா விடவில்லை.

"நீ காலேசுலயாம்மா படிக்க?"

"ஆமாம்மா."

"இவளைச் சேக்கத்தான் போறேன். எங்க வீட்டு ஆளுக்கு இஷ்டமில்ல. எல்லா பேப்பரும் எடுத்து வச்சாளான்னு கேளும்மா."

வாய் தவறிச் சொல்கிறாள் என்று நினைத்தேன். மகள் கை நீட்டினால் தொடுகிற தூரத்தில்தான் நின்றாள். அம்மா நேராக முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் அவளைப் பார்த்து, "எல்லா பேப்பரும் எடுத்து வச்சியான்னு அம்மா கேக்காங்க" என்றேன்.

"வச்சிட்டேன்னு சொல்லுங்க."

சொன்னேன்.

"காலையில ஒண்ணும் திங்காம வந்துட்டா. பசிக்குதான்னு கேளு."

"பசிக்கலன்னு சொல்லுங்க."

"பசிக்கும். பைக்குள்ள இட்லி இருக்கு. எறங்குனதும் திங்கச் சொல்லு."

அதையும் சொன்னேன். அவள் சரி என்று தலையாட்டினாள். அம்மா அதைப் பார்க்காததால், "சரின்னு சொல்லுதா" என்று அம்மாவிடமும் சொன்னேன்.