கடைசி வரப்பு

எங்கள் ஊருக்கு மாப்பிள்ளை பார்க்க வருகிறவர்கள் பையனின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் மேட்டைத்தான் பார்ப்பார்கள். நாங்கள் மஞ்சள் ஆற்றுக்கும் பெரிய கரைக்கும் நடுவே குடியிருக்கிறவர்கள். ஆறு பொங்கினால் அந்தக் கரை காப்பாற்றுவது அதற்கு அப்பால் இருப்பவர்களை. எங்களுக்கு நாங்களே மண் கொட்டி உயர்த்திய மேடும், அதன்மேல் கட்டிய வீடும்தான் கதி. மகன் பிறந்ததுமே தகப்பன் தள்ளுவண்டியை எடுத்துவிட வேண்டும். அவனுக்கு மீசை அரும்புவதற்குள் மேடு ஆள் உயரத்தைத் தாண்டாவிட்டால் எந்த வீட்டிலும் பெண் தர மாட்டார்கள்.

தோங் மாவ்லினுக்கு ஒரே மகன். முன்னால் பிறந்தவை தங்கவில்லை. இதையாவது இரும்பால் கட்டிப்போடுவோம் என்று, அந்தப் பொருள் வரும்படி தியெஷுவான் என்று பெயர் வைத்தாள் அவர் மனைவி சுன்நி. பிள்ளையைக் கட்டிப்போட்ட மகராசி தான் மட்டும் போய்ச் சேர்ந்துவிட்டாள். ஆற்றோரம் இருந்த சொந்த நிலத்தில், கோதுமைக்கு நடுவே அவளைப் புதைத்தார் மாவ்லின். புருஷனும் பெண்டாட்டியும் பக்கத்தில் பக்கத்தில் கிடப்பது எங்கள் வழக்கம். தனக்கும் ஓர் ஆள் அகலம் இடம் விட்டுவைத்தார்.

கல்யாணத் தரகு செய்யும் லூ அத்தை, "சின்ன வயசுதானேப்பா உனக்கு, இன்னொருத்தியப் பாக்கட்டுமா?" என்று கேட்டு வந்தாள்.

"எங்க படுக்கணும்னுகூட முடிவு பண்ணிட்டேன் அத்தை. நடுவுல இன்னொருத்திய எங்க படுக்க வைக்க?" என்று சிரித்தார் மாவ்லின். அத்தை மூக்கைச் சிந்திக்கொண்டே திரும்பிப் போனாள்.

மேட்டுக்கு மண் எடுக்க ஒரு முறை உண்டு. சின்னச் சின்னக் குழியாக வெட்ட வேண்டும். குழிக்கும் குழிக்கும் நடுவில் அகலமாக ஒரு வரப்பை வெட்டாமல் விட வேண்டும். வரப்பில்லாமல் நீளமாக வெட்டினால் அது குழியா? ஆற்றுக்கு நாமே வெட்டிக் கொடுக்கும் வாய்க்கால்! எங்கள் ஆறு தண்ணீரோடு பாதிக்குப் பாதி சேற்றைத் தூக்கிக்கொண்டு வரும். தன் படுக்கையிலேயே அதைப் போட்டு மேடாக்கிவிட்டு, படுக்க வேறு பள்ளம் தேடும். பள்ளம் கிடைத்தால் ஒரு நிமிஷம் யோசிக்காது.

மாவ்லினுக்கு இது தெரியாதா என்ன? ஆற்றோர நிலத்தில், சுன்நியின் புதைமேட்டை ஒட்டி, வருஷக்கணக்காக வரப்பு விட்டுத்தான் வெட்டினார்.

பெண் வீட்டுக்காரர் மெங் குளிர்காலத்தில் வந்தார். கையில் கொண்டுவந்த குச்சியை மேட்டில் வைத்துப் பார்த்தார். "ஒரு முழம் குறையுதே சம்பந்தி. அறுப்பு முடிஞ்சதும் கல்யாணம். அதுக்குள்ள ஏத்திடுங்க. எம் பொண்ணு தண்ணிக்குள்ள உக்காந்து சமைக்க முடியாது பாருங்க."

குச்சிக்குக்கூட அவ்வளவு திமிர். மற்ற நிலமெல்லாம் கோதுமை விதைத்துக் கிடந்தது, அறுப்புவரை அதில் மண்வெட்டி வைக்க முடியாது. கையெட்டும் தூரத்தில் மண் என்று இருந்தவை அந்த வரப்புகள்தான். மாவ்லின் ஒவ்வொன்றாக வெட்டினார். கடைசி வரப்பில் மண்வெட்டியை ஓங்கியபோது தியெஷுவான் குறுக்கே வந்து நின்றான்.

"அப்பா, இது அம்மா கால்மாட்டு வரப்பு. இத மட்டும் விட்டுருப்பா. கல்யாணத்துக்கு அப்புறம் வேற எங்கயாச்சும் எடுத்துக்கலாம்."

"அந்த ஆளு அளக்கப்போறது கல்யாணத்துக்கு முன்னாடிடா."

"பொண்ணே வேணாம்னு சொல்லிருவேன்."

"சொல்லுவடா, ஏன் சொல்ல மாட்ட! உங்கம்மா இருந்திருந்தா அவளே மண்வெட்டிய எடுத்திருப்பா. தள்ளுடா."

அவன் தள்ளி நின்றான். அவர் வெட்டினார். மேடு ஒரு முழம் உயர்ந்தது, கல்யாணமும் நன்றாகவே நடந்தது.

அந்த வருஷ மழைக்காலத்தில் ஆறு வந்தது. ஊரே மேடுகளின்மேல் ஏறி நின்று பார்த்தது. தண்ணீர் பரவி வரவில்லை. மாவ்லின் வெட்டிய பள்ளத்தின் வாயைக் கண்டுபிடித்து, நேராக அதற்குள் இறங்கி ஓடியது. ஓட ஓடப் பள்ளம் அகலமானது, மண் பாளம் பாளமாக இடிந்து விழுந்தது. நாங்கள் உடைப்பை அடைக்க வில்லோ மரக் கிளைகளைக் கட்டுக்கட்டாகக் கட்டிக்கொண்டு ஓடினோம். கடைசி வரப்பு இருந்த இடத்தில் மாவ்லின் இடுப்பளவு தண்ணீரில் நின்று, கட்டுகளை வாங்கி வாங்கி அமுக்கினார். ஒன்றுகூட நிற்கவில்லை. தியெஷுவான் அவரைக் கக்கத்தில் பிடித்து வெளியே இழுத்தபோது புதைமேடு மொத்தமாகச் சரிந்தது.

"ஐயோ சுன்நி! எந்திரிச்சு வந்துருடி!" என்று கத்தினார். செத்தவளைப் பார்த்து அப்படிக் கத்தியதற்கு யாரும் சிரிக்கவில்லை.

லூ அத்தைக்குத்தான் வாய் சும்மா இருக்கவில்லை. "எல்லாருக்குந்தான் மகன் இருக்கான். நாங்கள்லாம் வரப்ப வெட்டினோமா? பாவி, பாவி!" என்று திட்டிவிட்டு, அவர் கையைப் பிடித்துக்கொண்டு அவளே அழுதாள். மெங்கின் குச்சியால் அளந்த வீட்டில் ஒரு சொட்டு ஈரமில்லை. மருமகள் தினைக் கஞ்சி கொண்டுவந்து வைத்தாள். அது அப்படியே ஆறிப்போனது.

சில வருஷம் கழித்து ஆறு தானாகவே பழைய பக்கம் விலகிப் போனது. நிலம் புதுமண்ணாக மேலே வந்தது. பெரிய கரையிலிருந்து கயிறு பிடித்து அவரவர் பங்கை அளந்தோம். தியெஷுவான் கயிற்றை இழுத்துக்கொண்டே போய் ஓரிடத்தில் நின்றான். "அப்பா, இதுதான் அம்மா இடம்."

"இடம் இருக்குடா. ஆள் எங்கடா இருக்கா?"

அவன் கயிற்றைச் சுருட்டினான்.

"என்னைய இங்கதான் வைக்கணும். மேடு போடாத. கல்லு கில்லு எதுவும் வைக்காத. ஆறு மறுபடி வரும்ல, தடுக்காம விடு. அவளக் கொண்டுபோன பக்கமே என்னையும் கொண்டுபோவட்டும்." வாழ்நாளெல்லாம் ஆறு வரக்கூடாது என்று மண் சுமந்த மனுஷன் இதைச் சொன்னார். நான் பக்கத்தில் கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அவர் போனபோது தியெஷுவான் சொன்னபடியே செய்தான். பெட்டியை இறக்கி, மண்ணைத் தள்ளி, தரைமட்டமாக்கி, மேலே கோதுமை விதைத்தான்.

அதற்குள் மேற்கே மலையிடுக்கில் பெரிய அணை எழுந்துவிட்டது. சேற்றையெல்லாம் அது பிடித்து வைத்துக்கொள்கிறது. கீழே வருவது தெளிந்த தண்ணீர். சுமக்கச் சேறில்லாத தண்ணீர் கீழே இருக்கும் மண்ணைத்தான் அரிக்கும். ஆறு தன் படுக்கையைத் தானே ஆழமாக்கிக்கொண்டு அதற்குள் அடங்கிக் கிடக்கிறது. ஊரில் எல்லோருக்கும் நிம்மதி. இப்போது யாரும் மேடு போடுவதில்லை, பெண் கொடுக்கிறவர்களும் அளப்பதில்லை.

வசந்தத்தில் செத்தவர்களின் கல்லறையைக் கூட்டிப் பெருக்கும் நாளில் தியெஷுவான் கோதுமைக்குள் போய், அவர்கள் செலவுக்கென்று காகிதப் பணம் எரித்துவிட்டு, ஆற்றின் பக்கம் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நிற்பான். ஆறு இன்னும் வரவில்லை.