வருகிறவருக்கு ஒரு பூசை

யுத்தம் முடிந்த வருஷம் அது. ராயபுரத்தில் எங்கள் தெருவிலிருந்து ரங்கூனுக்குப் பிழைக்கப் போன ஆண்கள் ஒவ்வொருவராகத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். என் வீட்டுக்காரர் வரவில்லை. கல்யாணமான மறுவருஷமே அந்த ஊர்த் துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போனவர். ஜப்பான்காரன் அங்கே குண்டு போட்ட பிறகு அவரைப் பற்றித் தகவலே இல்லை. நானும் மாமியாரும் மீன் விற்றுக் காலம் தள்ளினோம்.

கிறிஸ்து பிறப்புக்குக் காத்திருக்கும் நாலு வாரமான ஆகமன காலத்து முதல் ஞாயிறன்று காலடிப்பேட்டையிலிருந்து என் அண்ணன் வந்தார்.

"சாமியாராண்ட சொல்லி அவனுக்குச் செத்தவங்க பூசை வெச்சிடலாம்மே. அப்புறம் நம்ம வூட்டுக்கு வந்துடு. இன்னும் எத்தினி நாளு வழிய பாத்துகினு இருப்பே?"

மாமியார் சீறினார். "என் புள்ள செத்தத எவன் பாத்தான்? பாத்தவன் வந்து சொல்லட்டும்." பிறகு என் பக்கம் திரும்பி, "நீ இன்னா சொல்றே கண்ணு?" என்றார்.

நான் மீன் கூடையை எடுத்துக் கழுவ ஆரம்பித்தேன். எனக்கும் நம்பிக்கை விட்டுப்போயிருந்தது. ஆகமன காலமே எனக்குத் துக்க மாதமாகத்தான் தெரிந்தது. பீடத்தில் ஊதாத் துணி, பூ கிடையாது, தேவதூதர்களான சம்மனசுகளின் பாட்டும் கிடையாது.

மறுநாள் காலை, செத்தவர்கள் பூசை கேட்கத் தனியாக மாதா கோயிலுக்குப் போனேன். ஓரத்தில் இரண்டு பேர் பாலன் குடில் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் குழந்தை இயேசுவைக் கிடத்தும் தொட்டியில் வைக்கோலைப் பரப்பி, உறுத்துகிறதா என்று உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தார். உறுத்தியிருக்கும் போல, தண்டுகளைப் பொறுக்கி எறிந்துவிட்டு மறுபடி பரப்பினார். குழந்தை வர இன்னும் நாள் இருந்தது. வருமா என்ற சந்தேகம் அந்த மனிதருக்கு இல்லை. நான் பார்த்துக்கொண்டே நின்றேன். காத்திருப்பது என்றால் அழுதுகொண்டு உட்கார்ந்திருப்பது என்று இத்தனை வருஷம் யார் எனக்குச் சொல்லிக்கொடுத்தது?

சாமியார் வந்து, "என்னம்மா வேண்டும்?" என்று கேட்டார்.

"ரங்கூன்லேர்ந்து வர்றவருக்கு ஒரு பூசை வைக்கணும் சாமி" என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே தெரிந்தது.

அவர் சிரித்தார். "இந்த மாதம் முழுக்க வருகிறவருக்குத்தானேம்மா பூசை? உன் புருஷனையும் சேர்த்துக்கொள்கிறேன்."

வீட்டுக்கு வந்து சொன்னதும் மாமியார் என்னைக் கட்டிக்கொண்டார். அண்ணன் கோபித்துக்கொண்டு கிளம்பிப் போனார். நாங்கள் என் வீட்டுக்காரருடைய கட்டிலுக்குப் புதுக் கயிறு போட்டோம். பெட்டியில் கிடந்த சட்டைகளைத் துவைத்து வெயிலில் போட்டோம். அந்த வேலை நடந்த நாட்களில் நான் பாடிக்கொண்டே இருந்தேன்.

இரண்டாம் வாரத்தில் ஒரு பகல். எங்கள் ஊர்த் துறைமுக வாசலில் மீன் விற்றுக்கொண்டிருந்தோம். உள்ளேயிருந்து பெரிய கூச்சல் கேட்டது. கூலிக்காரர்கள் கூட்டமாக வந்தார்கள். அவர்கள் தோளில் எலும்பும் தாடியுமாக ஒருவர்.

"வந்துட்டான்! நம்ம ஆளு வந்துட்டான்!"

தோளில் இருந்தவர் எங்கள் கூடையைப் பார்த்துக் கேட்டார்: "அம்மா, மீனு இன்னா வெல?"

மாமியார் நிமிர்ந்து பார்த்தார். கத்தியைக் கீழே போட்டார். "உனக்கு ஓசிடா, நைனா!"

கூட்டம் சிரித்ததில் என் அழுகை யாருக்கும் கேட்கவில்லை. தெரு வரைக்கும் அவரை யாரும் கீழே இறக்கவில்லை. முன்னால் ஒருவர் தகர டப்பாவைத் தட்டிக்கொண்டு போனார். டீக்கடை பாய் ஓடிவந்து எல்லோருக்கும் பேரீச்சம்பழம் கொடுத்தார்.

அவர் வராமலே போயிருந்தால் என்று பிற்பாடு யோசித்திருக்கிறேன். அப்போதும் நான் கேட்ட பூசை சரியானதுதான். வருகிறவர் வருவார் என்று நம்பிக் கட்டிலைத் தயார் செய்த நாட்களிலேயே கர்த்தர் எங்கள் வீட்டுக்குள் வந்துவிட்டிருந்தார்.

ஆகமன காலத்தின் மூன்றாம் ஞாயிறு மகிழ்ச்சியின் ஞாயிறு; ஊதா போய் ரோஜா நிற உடுப்பில் சாமியார் பீடத்துக்கு வந்தார். அண்ணனும் வந்து என் வீட்டுக்காரர் பக்கத்தில் முழந்தாளிட்டார். கோயிலில் வாய் திறந்தே பாடாத என் மாமியார் அன்று முழுக் குரலில் பாடினார். ராகம் ஒரு பக்கம் போனது, அவர் ஒரு பக்கம் போனார். ஆர்மோனியக்காரர் திரும்பிப் பார்த்தார். பிறகு இன்னும் பலமாக வாசித்தார்.