கலஹா ஏற்றத்தில் கொதித்த வேன்

பிற்பகல் மூன்று ஐம்பது. பேராதனையிலிருந்து கலஹா போகும் வீதியில், ஏற்றம் தொடங்கி மூன்றாவது வளைவு. நான் முதலில் கண்டது என் மனைவி ரோஸ்லினின் முழங்காலருகே எழுந்த வெள்ளை ஆவியை. அதன் பிறகுதான் வெப்பம் காட்டும் ஊசியைப் பார்த்தேன். அது சிவப்புக் கோட்டைத் தாண்டி நின்றது.

கடந்த ஒக்டோபர் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை அது. ரோஸ்லினின் சிறுநீரகங்கள் செயலிழந்து ஒரு வருடம் கடந்திருந்தது. செவ்வாயும் வெள்ளியும் அவளைக் கண்டிக்குக் கூட்டிப்போவேன். நான்கு மணிநேரம் இயந்திரத்தில் இரத்தம் சுத்திகரிப்பார்கள். பிறகு கலஹாவுக்குத் திரும்புவோம். எங்கள் வேனுக்கு முப்பது வயது தாண்டிவிட்டது. என்ஜின் முன் சீட்டுகளுக்கு அடியில் இருக்கும் பழைய வகை.

ஜூலையிலிருந்து அது சூடேறிக்கொண்டிருந்தது. போகும்போது இறக்கம், ஒன்றும் ஆகாது. வரும்போது ஏற்றத்தில் ஊசி எழும்பும். பள்ளிக்கூடத்தில் படிப்பித்த காலத்தில் ஒரு பத்திரிகைக்கு ஊர்ச்செய்தி அனுப்பி வந்தேன். நேரம், இடம் எழுதிவைக்கும் பழக்கம் அதிலிருந்து வந்தது. எந்த வளைவில், எத்தனை மணிக்கு, மழையா வெயிலா என்று ஒரு கொப்பியில் குறித்தேன். கெலிஓயாவில் கராஜ் வைத்திருக்கும் முஸ்லிம் அண்ணன் பாரூக் நானாவிடம் மூன்று தடவை வேனை விட்டேன். முதல் தடவை ரேடியேட்டர் மூடியையும் மேல் குழாயையும் மாற்றினார். இரண்டாம் தடவை தெர்மோஸ்டாட். மூன்றாம் தடவை வோட்டர் பம்ப். ரேடியேட்டரையும் கழற்றிக் கழுவிப் பொருத்தினார். ஒவ்வொரு தடவையும் கராஜில் அரைமணிநேரம் ஓடவிட்டுப் பார்த்தோம். ஊசி பாதியைத் தாண்டவில்லை. ஏற்றத்தில் மறுபடியும் கொதித்தது.

வேன் கராஜில் நின்ற நாட்களில் இரண்டு சிகிச்சைகள் தவறின. மூன்றாவதற்குப் பஸ்ஸில் போனோம். திரும்பும்போது அவள் என் மடியில் வாந்தி எடுத்தாள். "ஒன்னுகூடத் தவறவிடாதீங்க, இருதயத்துக்குத் தாங்காது" என்று வைத்தியர் சொல்லியிருந்தார்.

சிகிச்சை முடிந்தால் ரோஸ்லினுக்குக் குளிரெடுக்கும். "இந்தச் சீட்டு நல்லா சுடுதுங்க. கம்பளியே வேணாம்" என்பாள். எனக்குச் சந்தோஷமாக இருக்கும். அவளுக்கு இதமாக இருந்தது என்ஜினின் காய்ச்சல் என்று நான் நினைத்துப் பார்க்கவில்லை.

அந்தச் செவ்வாய்க்கு வருகிறேன். வேனை ஓரமாக நிறுத்தினேன். தூறல். அவளைப் பின் சீட்டில் படுக்க வைத்தேன். கையில் ஊசி குத்திய இடத்தில் துணி நனைந்து இரத்தம் கசிந்தது. அழுத்திப் பிடித்தேன். தெல்தோட்டை பஸ் ஒன்று வேகத்தைக் குறைத்தது. கண்டக்டர் எட்டிப் பார்த்தான்.

"என்னா மாஸ்டர், வேன்லயே டீ போடுறீங்களா?"

உள்ளே ரோஸ்லினைக் கண்டதும் அவன் முகம் மாறியது. "அக்காவ ஏத்துங்க மாஸ்டர், எடம் புடிச்சுத் தாறேன்." மிதிபலகைவரை ஆட்கள். அவளால் உட்காரவே முடியவில்லை. வேண்டாமென்றேன்.

பாரூக் நானாவுக்குப் போன் எடுத்தேன். வருவதாகச் சொன்னார். பிறகு வேனின் பின்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதுவரை அவள் சுகமாக வேண்டும் என்று ஜெபித்து வந்தேன். அன்று அவ்வளவு கேட்கத் துணிவில்லை. "ஆண்டவரே, இவளை வீட்டில் சேர்த்துவிடும். அது போதும்" என்றேன். அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

நாலு முப்பத்தைந்துக்கு நானா மோட்டார் சைக்கிளில் வந்தார். வேனின் முன்பக்கம் நின்றார். எதையும் திறக்கவில்லை. நனைந்த தொப்பியைக் கழற்றிப் பிழிந்து மறுபடியும் போட்டார்.

"மாஸ்டர், ஒன்டு செல்லட்டா? கோவிக்கப் படாது."

"சொல்லுங்க நானா."

"இந்தப் பலக."

வேனின் முகத்தில், காற்றுப் போகும் கம்பித் தட்டை முக்கால்வாசி மறைத்து ஒரு தகரப் பலகை இருந்தது. நீல நிறத்தில் ஒரு வேத வசனம். கண்டி ஆஸ்பத்திரியில் சிகிச்சைக்கு நிரந்தர இடம் கிடைத்தால் வசனத்தை வண்டியின் முன்னால் சுமப்பேன் என்று ரோஸ்லின் பொருத்தனை செய்திருந்தாள். ஜூலை முதல் ஞாயிறு போதகர் ஜெபித்து அதைப் பூட்டினார்.

"ரேடியேட்டருக்குக் காத்துப் போக வழியில்ல மாஸ்டர். சும்மா ஓடக்குள்ள தாங்கும். ஏத்தத்துல எப்பிடித் தாங்கும்? ரெண்டாவது வாட்டியே எனக்கு வெளங்கிட்டு."

"அப்பவே சொல்லியிருக்கலாமே நானா?"

"உங்கட வேதம் எழுதீக்கிது. அதக் கழட்டுங்கண்டு நான் எந்த வாயால செல்ற? வேற ஏதாச்சும் பிழையா ஈக்கட்டும்டு அல்லாஹ்ட்ட துஆக் கேட்டுட்டுத்தான் பம்ப மாத்தினேன்."

சகோதர சகோதரிகளே, இதை உங்களிடம் மறைக்க மாட்டேன். ஓகஸ்டில் ஒருநாள் எனக்கும் அந்த எண்ணம் வந்தது. கொப்பியில் பலகை பூட்டிய நாளும் வேன் முதலில் சூடேறிய நாளும் ஒரே பக்கத்தில் இருந்தன. இடையில் இரண்டு நாள். அவிசுவாசம் என்று அந்த எண்ணத்தைத் தள்ளி, பக்கத்தைத் திருப்பிவிட்டேன்.

உள்ளிருந்து ரோஸ்லின் குரல் கேட்டது. "ஏங்க, ரெண்டு பேரும் வெளிய என்னா மாநாடு போடுறீங்க? கழட்டுங்க அத. பொருத்தன பண்ணுனது நான். வசனத்த உள்ள வச்சாலும் ஆண்டவர் வாசிப்பாரு."

நானா ஸ்பேனரை என்னிடம் நீட்டினார். "நீங்களே கழட்டுங்க மாஸ்டர்." நான்கு போல்ட்டுகள். ஒன்று கைதவறிப் புல்லுக்குள் விழுந்தது. பலகையை அவர் தன் சாரத்தால் துடைத்து, இரண்டு கைகளாலும் ஏந்திப் பின்னால் ரோஸ்லினின் தலைமாட்டில் சாய்த்து வைத்தார். என்ஜின் நன்றாக ஆறும்வரை மூடியைத் திறக்க விடவில்லை. பிறகு வீதியோரப் பீலியில் வடிந்த ஊற்றுத் தண்ணீரைப் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். ஐந்து இருபதுக்குப் புறப்பட்டோம். அவர் மோட்டார் சைக்கிளில் பின்னால் வந்தார். ஒவ்வொரு வளைவிலும் ஊசியைப் பார்த்தேன். பாதியிலேயே நின்றது. ஆறு ஐந்துக்கு அவளை எங்கள் கட்டிலில் படுக்க வைத்தேன். இரத்தம் நின்றிருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை திரும்பும் வழியில், "இன்னைக்கி சீட்டு குளுருதுங்க" என்றாள். வேனை நிறுத்திக் கம்பளியைப் போர்த்திவிட்டேன்.

அதன் பிறகு ஒரு சிகிச்சைகூடத் தவறவில்லை. வேன் ஒருநாளும் கொதிக்கவில்லை. இந்த வருடம் மே மாதம், ஒரு வியாழக்கிழமை விடியற்காலை, அதே கட்டிலில் ரோஸ்லின் ஆண்டவரிடம் போனாள். நான் பக்கத்தில் இருந்தேன். தவறிய அந்த இரண்டு சிகிச்சைகள் அவளுடைய நாட்களைக் குறைத்தனவா என்று வைத்தியரிடம் கேட்டேன். சொல்ல முடியாது என்றார். எனக்கும் தெரியாது. அந்தக் கேள்வியோடுதான் தினமும் எழும்புகிறேன்.

ஆனாலும் சாட்சி சொல்கிறேன். அன்று வீதியோரத்தில் நான் கேட்டது கிடைத்தது. நாற்பத்தைந்து நிமிடத்தில் கிடைத்தது. வேறு மார்க்கத்து மனிதர் ஒருவரின் வாய்வழியாக, அவர் சொல்லவே பயந்த வார்த்தையில் கிடைத்தது. ஆண்டவர் அதை ஓகஸ்டிலேயே என் கொப்பியில் காட்டியிருந்தார். நான்தான் பக்கத்தைத் திருப்பினேன். உங்களில் யாராவது வழியில் நின்றுபோயிருந்தால் கேளுங்கள், பயப்படாமல் கேளுங்கள். அவர் பதில் தருவார். பதில் உங்கள் கையால் பூட்டியதைக் கழற்றச் சொன்னாலும் கழற்றுங்கள். எனக்குப் பிந்தியதுபோல் உங்களுக்குப் பிந்த வேண்டாம்.

பலகை இப்போது வேனுக்குள், பின்கதவுக்கு மேலே இருக்கிறது. செவ்வாயும் வெள்ளியும் நான் இன்னும் கண்டிக்குப் போகிறேன். பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து இரண்டு நோயாளிகள் அதே சிகிச்சைக்கு என்னோடு வருகிறார்கள். முன் இடது சீட் இப்போது சூடேறுவதில்லை. கம்பளியை அதில் மடித்து வைத்திருக்கிறேன்.