இறுக்கி மாமாவின் டிராக்டர்

என் அக்கா வீட்டுக்காரருக்கு ஊர் வைத்த பெயர் இறுக்கி. நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன்; கோபம் வந்தால் மட்டும் இறுக்கி மாமா. அவர் மூடிய குழாயை இன்னொருவர் திறக்க முடியாது. அவர் கட்டிய மூட்டையை அவிழ்ப்பதைவிட அறுப்பது சுலபம். கொளுத்துகிற வெயிலிலும் கழுத்துப் பித்தான் வரை போட்டுக்கொண்டுதான் வயலுக்குப் போவார். பார்க்கிற நமக்குத்தான் மூச்சு முட்டும்.

இது சும்மா வந்த பழக்கம் இல்லை. மீசை முளைத்த வயதில் மாமா லாரியில் கிளீனராக இருந்தாராம். ஒரு நாள் பின்கதவுக் கொக்கியைச் சரியாக மாட்டாமல் முன்னால் ஏறி உட்கார்ந்துவிட்டார். லாரி மேட்டில் ஏற ஏற, தக்காளிப் பெட்டிகள் ஒவ்வொன்றாகப் பின்பக்கம் இறங்கிப் போய்க்கொண்டே இருந்தன. போய்ச் சேர்ந்தபோது லாரியில் மிச்சம் இருந்த சரக்கு டிரைவரும் இவரும்தான். வேலை போயிற்று. அன்றிலிருந்து உலகத்தில் எது லேசாகத் திறந்திருந்தாலும் அவருக்குக் கை துறுதுறுக்கும்.

இதனால் அக்காவின் சமையலறையில் தினமும் காலையில் ஒரு கூத்து நடக்கும். அக்கா வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர்தான். நான் தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தாலும் எல்லாம் காதில் விழும். "ஏங்க, இந்த டப்பாவக் கொஞ்சம் திறந்து குடுங்க!" என்று அக்கா கத்துவாள். மாமா மாட்டுக் கொட்டகையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு, திறப்பு விழாவுக்கு வரும் மந்திரி தோரணையில் வருவார். முதல் நாள் சூட்டோடு போட்டு அவர் இறுக்கி வைத்த வறுத்த கடலை டப்பாவாக இருக்கும். ஒரு திருகு. ஸ்ஸ்ஸ் என்று காற்றை உள்ளே இழுத்துக்கொண்டு மூடி கழன்று வரும். அப்படியே நின்று ஒரு டம்ளர் காப்பி குடித்து, உருப்படியில்லாத இரண்டு பேச்சுப் பேசிவிட்டுப் போவார்.

அவருடைய டிராக்டரையும் சொல்ல வேண்டும். மகள் பிறந்த வருஷம் பழசாக வாங்கியது. மகள் கல்யாணமாகிப் போய்விட்டாள். டிராக்டர் மட்டும் வீட்டோடு இருக்கிறது. என்ன நிறம் என்று கேட்டால் சொல்ல முடியாது. ஆனால் சுற்றுவட்டாரத்தில் பாதி நிலத்தை உழுதது அதுதான். மாமாவுக்குச் சோறு போட்டதும் அதுதான்.

அந்த டிராக்டர் போன மழைக்காலத்துக்குப் பிறகு நின்று நின்று போக ஆரம்பித்தது. ஸ்டார்ட் ஆகும், ஜோராக ஓடும். வயலில் இறங்கிச் சில சால் உழுததும் சத்தம் மெலியும், இருமும், நின்றுவிடும். கொஞ்ச நேரம் சும்மா விட்டால் மறுபடியும் ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி கிளம்பும். மறுபடியும் நிற்கும்.

மெக்கானிக் வந்தார். டீசல் பில்டரை மாற்றினார். குழாயை ஊதினார். பம்பைக் கழற்றி மாட்டினார். மெக்கானிக் வருகிறார் என்றால் மாமா முன்கூட்டியே டேங்க்கைத் திறந்து டீசல் ரொப்பி, மூடியைத் தன் கையாலேயே இறுக்கி வைத்துவிடுவார். டிராக்டரும் மெக்கானிக் முன்னால் பெட்டிப் பாம்பாய் அடங்கி ஓடும். ஒரு தடவைகூட அவர் கண்முன் நிற்கவில்லை.

"அண்ணே, வண்டில ஒரு கோளாறும் இல்ல. உங்க மேலதான் அதுக்கு ஏதோ கோவம்" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். அவர் தெரு முனை திரும்பியதும் வண்டி நின்றது.

உழவுக்குக் கூப்பிட்டவர்கள் மெல்ல வேறு ஆளைத் தேடிக்கொண்டார்கள். ஈர மண்ணை வைத்துக்கொண்டு எத்தனை நாள் காத்திருப்பார்கள்? மாமா வாய் திறப்பதே குறைந்துபோயிற்று. அந்த நேரம் பார்த்து, அவருடைய பழைய லாரி சினேகிதர் ஒருவர் தொலைதூர லாரிக்கு டிரைவர் வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். போனால் மாதத்துக்கு ஒரு தடவை வீட்டுக்கு வந்தால் அதிகம்.

"போறேன்" என்றார் மாமா, தரையைப் பார்த்துக்கொண்டு.

"போங்க. யாரு வேண்டாம்னா?" என்றாள் அக்கா. "இந்த வண்டி உங்களுக்குச் சோறு போடுதா, நீங்க அதுக்குப் போடறீங்களா? நாளைக்கு நம்ம கீழ வயல உழுங்க. நிக்காம முடிச்சா வண்டியும் இருக்கட்டும், நீங்களும் இருங்க. நின்னுச்சுன்னா, நாளைக்கழிச்சு பழைய இரும்புக்காரர் வராரு. ஏத்தி அனுப்பிட்டு நீங்களும் கிளம்புங்க."

சொல்லிவிட்டு உள்ளே போய் மாமாவின் பையை எடுத்துத் துணிகளை அடுக்க ஆரம்பித்தாள். அன்றைக்கு அவள் பாத்திரம் கழுவிய சத்தம் சுவரைத் தாண்டி எனக்குக் கேட்டது. சாதாரணமாக அவள் பாத்திரங்களை இப்படிப் போட்டு உடைக்கமாட்டாள். கல்யாணமான நாள் முதல் அவர்கள் தனித்தனியாக இருந்ததில்லை. மகள் பிரசவத்துக்குப் போனபோதுகூட மருத்துவமனை வராந்தாவில் இரண்டு பேரும் பாய் விரித்துச் சண்டை போட்டுக்கொண்டு படுத்திருந்தவர்கள்.

மறுநாள் தையலைப் போட்டுவிட்டு நானும் அக்காவோடு வரப்பில் போய் உட்கார்ந்தேன். மாமா எங்களைப் பார்க்கவே இல்லை. டேங்க்கை ரொப்பினார். மூடியைக் கையால் திருகினார். பிறகு ஸ்பேனரை வைத்துத் திருகினார். பிறகு ஸ்பேனரின் வாலை இரண்டு தட்டுத் தட்டினார். ஏறி உட்கார்ந்து கிளப்பினார்.

ஓடியது. சால் சாலாக மண் புரண்டது. பாதி வயல் முடிந்தது. அக்கா என் முழங்கையைப் பிடித்திருந்தாள். பிடித்திருப்பது அவளுக்கே தெரியவில்லை. இன்னும் கொஞ்சம்தான் என்று நான் நினைத்தேன். நினைத்திருக்கக் கூடாது. சத்தம் மெலிந்தது. இருமியது. நின்றது.

மாமா இறங்கவில்லை. ஸ்டியரிங் மேல் கையை வைத்தபடி எதிரே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த முதுகைப் பார்க்க எனக்கு அழுகை வந்தது.

அக்கா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கட்டி மண்ணில் விறுவிறுவென்று நடந்தாள். நானும் பின்னாலேயே ஓடினேன்.

"டீசல் இருக்கா பாருங்க."

"இப்பதானே ரொப்பினேன்."

"பாருங்கன்னா பாருங்க!"

மாமா இறங்கி, ஸ்பேனரை மாட்டி, பல்லைக் கடித்துக்கொண்டு மூடியைத் திருகினார். ஸ்ஸ்ஸ்ஸ் என்று காற்று நீளமாக உள்ளே போயிற்று.

அக்கா கையை உயர்த்தினாள். "நில்லுங்க. இது என் கடலை டப்பா சத்தமாச்சே!"

"எல்லா மூடியும் திறந்தா இப்படித்தானே சத்தம் போடும்?" என்றார் மாமா. கேலி இல்லை, நிஜமாகவே கேட்டார்.

"உங்க மூடிதாங்க போடும்! ஊர்ல வேற எவன் மூடியும் போடாது!"

மூடியைப் பிடுங்கித் திருப்பிப் பார்த்தாள். உள்பக்கம் முழுவதையும் அடைத்துக்கொண்டு வட்டமாகத் தடியான ரப்பர் ஒன்று உட்கார்ந்திருந்தது. நீல ரப்பர். அதில் பாதி வெள்ளைப் பூ.

"ஐயோ, என் செருப்பு!" என்று நான் கத்தினேன். புது ஜோடியில் ஒன்று காணாமல் போய், அடுத்த வீட்டு நாயை நான் திட்டாத திட்டு இல்லை. அந்த நாய் என்னைக் கண்டால் இன்னமும் வேறு பக்கம் போகிறது.

மாமா மெல்ல உண்மையைக் கக்கினார். மழைக்காலத்தில் மெக்கானிக், டேங்க்கில் தண்ணீர் இறங்கியிருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொன்னாராம். மாமா மூடியை ஆராய்ந்தார். நடுவில் ஊசி முனை அளவு ஓட்டை. "ஓட்டை இருந்துச்சு. அடைச்சேன்" என்றார். மாமாவிடம் ஓட்டையைக் காட்டினால் வேறு என்ன செய்வார்?

"எண்ணெய் டின்னுல ஒரு பக்கம் மட்டும் ஓட்டை போட்டா எண்ணெய் இறங்குமா?" என்றாள் அக்கா. "காத்து உள்ள போக இன்னொண்ணு போடமாட்டோம்? டீசல் எப்படிங்க இறங்கும்? பாவம், இத்தன நாளா மூச்சு விடாம உழுதிருக்கு!"

மாமா மூடியைத் திரும்ப வாங்கிப் பார்த்தார். மெக்கானிக் வந்தபோதெல்லாம் வண்டி ஏன் ஒழுங்காக ஓடியது என்று அப்போதுதான் அவருக்கும் உறைத்திருக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் டீசல் ஊற்ற அவரே மூடியைத் திறந்து அதற்கு மூச்சு கொடுத்துவிட்டல்லவா வைத்திருந்தார்!

செருப்பைப் பிய்த்து எறிந்தோம். மாமா மூடியைக் கையால் மட்டும் மூடினார். ஸ்பேனரை அக்கா இடுப்பில் செருகிக்கொண்டாள். டீசலை இழுத்துவிடும் கைப் பம்பை நாலு அழுத்து அழுத்தி, வண்டியைக் கிளப்பினார். மிச்ச வயலையும் உழுதது. வரப்போரம் திரும்பியது. நிற்கவில்லை. மாமா வேண்டுமென்றே உழுத இடத்தையே இன்னொரு தடவை உழுதார். அக்கா திட்டவில்லை. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

பழைய இரும்புக்காரர் மறுநாள் சொன்னபடி வந்தார். அக்கா அவருக்குக் காப்பி கொடுத்து, கைப்பிடி போன ஒரு தகர வாளியைத் தந்து அனுப்பிவிட்டாள். மெக்கானிக் விஷயம் கேள்விப்பட்டு ஓடி வந்தார். "அண்ணே, தண்ணி போகாம பாத்துக்குங்கன்னுதானே சொன்னேன்? கழுத்த நெரிக்கவா சொன்னேன்?" என்று சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மழை பெய்தால் மூடிமேல் ஒரு பழைய டப்பாவைக் கவிழ்த்து வைத்தால் போதும் என்று முடிவாயிற்று. மாமா அந்த டப்பாவையும் கம்பி போட்டு இறுக்கிக் கட்டப் பார்த்தார். அக்கா விடவில்லை.

அடுத்த நாள் காலை, செருப்புக்கு நியாயம் கேட்க அக்கா வீட்டுக்குப் போனேன். மாமா விடியலிலேயே யாருக்கோ உழப் போயிருந்தார். தூரத்தில் டிராக்டர் சத்தம் சீராகக் கேட்டது. பை காலியாக ஆணியில் தொங்கியது. அக்கா அலமாரியிலிருந்து கடலை டப்பாவை எடுத்தாள். பேசிக்கொண்டே, பார்க்கக்கூட இல்லாமல், ஒரு கையால் ஒரு திருகு. ஸ்ஸ்ஸ். திறந்து எனக்கு ஒரு பிடி கடலை எடுத்துக் கொடுத்தாள்.

நான் கடலையை வாயில் போடவில்லை. "அக்கா, உனக்குத் திறக்க வருமா?"

"ஏன், எனக்கு என்ன கை இல்லையா?"

"அப்புறம் எதுக்கு தினமும் அந்தக் கூப்பாடு?"

அக்காவின் முகம் கொஞ்சம் சிவந்தது. "சும்மா காப்பி குடிக்க வாங்கன்னா வேலை இருக்குன்னுவாரு. டப்பான்னா ஓடி வருவாரு. கொஞ்ச நேரம் பக்கத்துல நிப்பாரு, அவ்வளவுதான்" என்றாள். "வெளிய சொல்லிக் கில்லி வைக்காத."

நான் பதில் சொல்வதற்குள் தெருவில் டிராக்டர் திரும்பும் சத்தம் கேட்டது. அக்கா டப்பாவை மடியில் இடுக்கி, இரண்டு கையாலும் மூடியை முழு பலத்தோடு இறுக்கினாள். பிறகு வாசலைப் பார்த்துக் கத்தினாள்:

"ஏங்க, இந்த டப்பாவக் கொஞ்சம் திறந்து குடுங்க!"