அப்பாவின் ‘மத்லப்’

அப்பா இறந்து ஓராண்டு ஆனபோது, புனே பாணேரில் எங்கள் வீட்டுக்கு உறவினர்கள் வந்திருந்தார்கள். அவர் முன்பு பேசிய ஒலிப்பதிவைப் போட்டேன். அந்த ஊரிலேயே வாழ்ந்த அப்பா, தமிழ் பேசும்போதும் அடுத்த வார்த்தை வரும்வரை ‘அதாவது’ என்பதற்கு “மத்லப்...” என்று இந்தியில் இழுப்பார். அலுவலகத்தில் பேச்சுப் பதிவுகளுக்குச் செய்வதுபோல, அந்த இழுவைகளையெல்லாம் கணினியில் வெட்டியிருந்தேன்.

குரல் கேட்டதும் அம்மாவின் முகம் வெளிறியது.

“யாருடா இது?”

“அப்பாதாம்மா.”

“இப்படி மூச்சு விடாம அவர் எப்போடா பேசினார்? அவரோட மத்லப் எங்கே?”

மூலப்பதிவையும் நான் அழித்துவிட்டது அப்போதுதான் உறைத்தது. எப்படிச் சொல்வது?

“அம்மா... மத்லப்...” என்று இழுத்தேன்.

அம்மா கண்களை மூடிக்கொண்டாள்.

“இன்னொரு தடவை சொல்லுடா.”